ஸ்காட்லாந்துத் தீவுகளை மோட்டார்ஹோமில் சுற்ற நினைக்கிறோம், போனவர்கள் வழி சொல்லுங்கள்

கொங்குத்தென்றல்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஜூனில் லீட்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வருகிறோம். நான், கணவர், எட்டு வயதுப் பையன், மாமியார். அங்கிருந்து இரண்டு வாரத்துக்கு மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டி) வாடகைக்கு எடுத்து ஸ்காட்லாந்துத் தீவுகளைச் சுற்றுவதாகத் திட்டம். கணவர் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது: ஸ்கை, மல், அயோனா, டைரீ, பாரா, யூயிஸ்ட், ஹாரிஸ், லூயிஸ், ஆர்க்னி. நேரம் மிச்சம் இருந்தால் ஷெட்லாந்து. ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் முகாமிடலாம், சட்டமே இடம் கொடுக்கிறது என்று படித்தோம். அதனால் தங்க எங்கேயும் பதிவு செய்யவில்லை. கப்பல் டிக்கெட்டைத் துறைமுகத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாமா? தமிழ்நாட்டு லைசென்ஸ் போதுமா? மாமியார் சைவம், அதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கர்:
பதினாலு நாளில் பத்துத் தீவு. இது சுற்றுலா இல்லை அம்மா, தபால் பட்டுவாடா.

மெதுவண்டி:
கணக்கர் கிண்டலை விடுங்கள் தென்றல், ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வரைபடத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். ஷெட்லாந்துக்கு அபர்டீனில் மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில்தான் லெர்விக்கில் இறங்குவீர்கள், சுமார் 12 மணி நேரம். ஆர்க்னிக்கு ஸ்காட்லாந்தின் வடக்கு முனையிலிருந்து போக வேண்டும். நீங்கள் எழுதிய மற்றவை எல்லாம் மேற்குக் கடலில் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் கட்டினால் பாதி விடுமுறை கப்பல் வரிசையில் போய்விடும்.

என் கட்சி, மேற்குக் கடலில் வரிசையாக இருக்கும் வெளி ஹெப்ரிடீஸ் என்ற தீவுக்கூட்டம் மட்டும். ஓபன் என்ற ஊரிலிருந்து பாராவின் காசில்பே துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரக் கப்பல். பாராவின் தெற்கே வாட்டர்சே தீவுக்குக் கடல்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். வடக்கே ஆர்ட்மோர் துறையிலிருந்து எரிஸ்கேக்கு 40 நிமிடச் சின்னக் கப்பல். எரிஸ்கேயிலிருந்து தெற்கு யூயிஸ்ட், பென்பெக்குலா, வடக்கு யூயிஸ்ட், பெர்னரே வரை தீவுக்குத் தீவு கல்லணைச் சாலைகள், வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். பெர்னரேயிலிருந்து ஹாரிஸ் தீவின் லீவர்பராவுக்கு ஒரு மணி நேரம். பாறைகளுக்கு நடுவே கப்பல் வளைந்து வளைந்து போகும், பையனை மேல்தளத்தில் நிறுத்துங்கள். ஹாரிஸும் லூயிஸும் ஒரே நிலம்தான். கடைசியில் ஸ்டோர்னோவேயிலிருந்து அல்லப்பூலுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஸ்காட்லாந்தின் பெருநிலம் திரும்பிவிடலாம். வாட்டர்சேயிலிருந்து லூயிஸின் வடமுனைக் கலங்கரை விளக்கம் வரை போகும் ஹெப்ரிடியன் சைக்கிள் பாதை கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர்தான். தூரத்தைப் பார்த்து "மூன்று நாள் போதும்" என்று கணவர் சொல்வார். விடாதீர்கள்.

மல் தீவும் அயோனாவும் கண்டிப்பாக வேண்டுமென்றால் ஓபனிலிருந்தே முதலில் முடித்துக்கொள்ளலாம். அயோனாவுக்கு வெளியூர் வண்டிகள் போகக் கூடாது. மல் தீவின் ஃபியன்ஃபோர்ட்டில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடப் படகில் நடந்து ஏற வேண்டும்.

வடகடலான்:
டைரீயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது இப்போதே பதிவு செய்யுங்கள். அங்கே மோட்டார்ஹோமோடு போக, தங்கும் இடத்தை முன்னதாகப் பிடித்திருக்க வேண்டும். எய்க், ரம், மக், கன்னா என்ற நான்கு சின்னத் தீவுகளுக்கு வெளியூர்க்காரர் வண்டியே கொண்டுபோக முடியாது. யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

டிக்கெட் விஷயம்: ஜூனில் மோட்டார்ஹோமோடு துறைமுகத்துக்குப் போய் நின்று "ஒரு இடம் கொடுங்கள்" என்றால் வேலைக்காகாது. மேற்குத் தீவுகளுக்குக் கப்பல் விடும் கால்மாக் நிறுவனம் கோடை அட்டவணைக்கு முன்பதிவைத் திறந்ததுமே உயரமான வண்டிகளுக்கான இடம்தான் முதலில் தீரும். கப்பலில் எல்லா இடத்திலும் உயரம் ஒன்றாக இருக்காது, கார் நிற்கிற மாடியில் உங்கள் வண்டி நுழையாது. முதலில் கப்பல், அப்புறம் தங்குமிடம், அதற்குப் பிறகுதான் வண்டி வாடகை. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

லைசென்ஸ்: இந்திய லைசென்ஸில் வந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். ஆனால் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி கூடாது. பெரிய ஆறு பெர்த் வண்டிகளில் சில அந்த எடையைத் தாண்டும். வாடகை நிறுவனங்கள் தனியாக வயது, அனுபவ நிபந்தனைகள் போடும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அந்த "எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்" கதை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொடுக்கும் உரிமை நடந்து போகிறவர், சைக்கிள்காரர், குதிரையில் போகிறவர், துடுப்புப் படகுக்காரர், கூடாரம் போடுகிறவர் இவர்களுக்கானது. மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கூடாரத்துக்குக் கிடைத்த உரிமையை வண்டிக்காரர்கள் தங்களுக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள், இணையம் அதைப் பரப்பிவிட்டது.

நாடோடி மன்னன்:
மேலே சொன்னவர் பயமுறுத்துகிறார். நான் ஸ்கையிலும் லூயிஸிலும் சாலையோர நிறுத்தங்களில் பல இரவு தூங்கியிருக்கிறேன், ஒருவரும் வந்து கேட்டதில்லை. காலையில் குப்பையில்லாமல் கிளம்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தத் தீவுகளே சுற்றுலாவில்தான் பிழைக்கின்றன. கேம்ப்சைட் கேம்ப்சைட்டாகப் பதிவு செய்து போவதற்கு ஹோட்டலிலேயே தங்கலாமே. மோட்டார்ஹோம் எடுப்பதே நினைத்த இடத்தில் நிறுத்தத்தான்.

வடகடலான்:
யாரும் வந்து கேட்கவில்லை என்பது உரிமை ஆகாது மன்னரே. சரி, சட்டத்தை விடுவோம், மண்ணைப் பார்ப்போம். தீவுகளின் மேற்குக் கரை முழுக்க மாஹர் என்ற புல்வெளி. சிப்பி நொறுங்கிய மணல் காற்றில் வந்து படிந்து, அதன்மேல் வளர்ந்த மெல்லிய புல். ஜூன், ஜூலையில் அது முழுக்கப் பூவாக இருக்கும், அதற்குள்தான் கார்ன்கிரேக் என்ற அரிய பறவை முட்டையிடும். மூன்று டன் வண்டி அந்தப் புல்லைக் கிழித்தால் கீழே இருப்பது வெறும் மணல். குளிர்காலப் புயல் அந்தக் கிழிசலில் நுழைந்து மேட்டையே அரித்துக்கொண்டு போகும். தவிர, பலருக்கு அது பொதுநிலம் மாதிரித் தெரிகிறது. உண்மையில் கிராஃப்டர்கள் என்ற குத்தகை விவசாயிகள் பங்குபோட்டு மாடு, ஆடு மேய்க்கும் நிலம்.

இன்னொன்று கழிவறைப் பெட்டி. தீவில் நிறைய வீடுகளும் பொதுக்கழிப்பறைகளும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கின்றன. உங்கள் கசெட் டாய்லெட்டில் ஊற்றும் நீல மருந்து, டேங்கில் கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். சாலையோரத்தில் நாலு இரவு தூங்குகிறவர் அதை எங்கே கொட்டினார் என்று நான் கேட்க மாட்டேன்.

நாடோடி மன்னன்:
கேட்காமலே கேட்டுவிட்டீர்கள். நான் கேம்ப்சைட்டில் காசு கொடுத்துத்தான் கொட்டுவேன். ஆனால் மோட்டார்ஹோம்காரரை மட்டும் வில்லனாக்க வேண்டாம். 2008-இல் கப்பல் கட்டணத்தைச் சாலைப் பயணச் செலவுக்கு இணையாகக் குறைத்து, முதலில் வெளி ஹெப்ரிடீஸிலும் அப்புறம் மற்றத் தீவுகளுக்கும் கொண்டுவந்தது ஸ்காட்லாந்து அரசுதான். மலிவாக்கி, வாருங்கள் என்று கூப்பிட்டது அவர்கள். கூட்டம் வந்தது. கப்பல் மட்டும் வரவில்லை. கிளென் சானக்ஸ் என்ற கப்பலுக்கு 2015-இல் ஆர்டர் கொடுத்தார்கள், 2018-இல் வர வேண்டியது, பயணி ஏறியது 2025-இல். இதில் என் வண்டியின் தப்பு என்ன?

நெடுந்தீவான்:
கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். மன்னர் சொல்வதில் கப்பல் பற்றிய பகுதி முழுக்கச் சரி. ஆனால் அதிலிருந்து அவர் வருகிற முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவில் பிறந்தவன். குறிகட்டுவான் துறையில் நின்று, படகு வருமா வராதா என்று பார்த்து வளர்ந்தவன். படகில் இடமில்லை என்றால் அன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லை, பரீட்சை இல்லை. அதனால் இங்கே 2023 ஜூனில் தெற்கு யூயிஸ்ட் ஆட்கள் லாக்பாய்ஸ்டேல் துறையில் எதிர்ப்புக் காட்டக் கூடியது எனக்கு உடனே விளங்கியது. வேறு வழித்தடத்தில் கப்பல் பழுதானதால் அவர்களுடைய கப்பலை எடுத்து அங்கே விட்டார்கள், அந்த மாதத்தின் பெரும்பகுதி அங்கிருந்து பெருநிலத்தின் மல்லேக் துறைக்குப் போகும் சேவை இல்லை. நூற்றுக்கணக்கான சனம், வரிசை வரிசையாகக் கார், லாரி. அந்தத் தீவுகளின் சனத்தொகைக்கு அது பெரிய கூட்டம்.

இப்போது பாருங்கள். ஏழு மீட்டர் வண்டி ஒன்று ஏறினால் ஒன்றரைக் கார் இடம் போகிறது. சுற்றுலாக்காரர் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுவார். தீவுக்காரருக்கு நாளை மறுநாள் பெருநிலத்து இன்வர்னஸில் மருத்துவர் என்று இன்றைக்குத்தான் கடிதம் வரும். குற்றம் வண்டிக்காரருடையது இல்லை, அரசினுடையது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காகத் தீவுக்குப் போய் ஒரு பைசா செலவழிக்காமல், லீட்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய அரிசியை அவித்துத் தின்று, சாலையோரத்தில் தூங்கி வருவது எந்த நியாயம்? கப்பலில் பெரிய இடம் எடுத்தால் அங்கே ஏதாவது விட்டுவிட்டு வர வேணும். என் பக்கம் அவ்வளவுதான்.

தென்றல் அக்கா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கோ. வடிவான இடம்.

கணக்கர்:
நெடுந்தீவான் சொன்னதற்கு ஒரு வாக்கு. அதோடு, மன்னர் நினைக்கிற மாதிரி இது ஹோட்டல் செலவும் இல்லை. அங்கே ஊர்க்காரர்களே நிலத்தை வாங்கி நிர்வகிக்கும் அறக்கட்டளைகள் இருக்கின்றன, அவர்களே வண்டிகளுக்கு இடம் போட்டிருக்கிறார்கள். வடக்கு ஹாரிஸ் அறக்கட்டளை ஹுஷினிஷ் கடற்கரையில், மேற்கு ஹாரிஸ் அறக்கட்டளை ஹார்கபோஸ்ட் பக்கம். லூயிஸில் ஆர்ட்ராய்ல் மணல்வெளிக்குப் பக்கத்தில் ஊர்ச் சமூகமே ஒரு முகாம் நடத்துகிறது. நீங்கள் கொடுக்கிற பணம் அந்த ஊருக்குள்ளேயே சுற்றும். காட்சியும் நீங்கள் திருட்டுத்தனமாக நிறுத்த நினைத்த அதே காட்சிதான்.

நாடோடி மன்னன்:
ஹுஷினிஷ் நல்ல இடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகிற பாதை! ஒற்றைத்தடம், கொண்டை ஊசி வளைவுகள், நடுவே ஒரு கோட்டையின் வாசலையே உரசிக்கொண்டு போகும். முதன்முறை மோட்டார்ஹோம் ஓட்டுகிறவரை அங்கே அனுப்பாதீர்கள். கிழக்கு ஹாரிஸில் கோல்டன் ரோடு என்று ஒன்று, அதையும் பேருந்தில் போய்ப் பாருங்கள்.

கொங்குத்தென்றல்:
இவ்வளவு பதிலா! எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன், ஷெட்லாந்தை அவரே அடித்துவிட்டார். ஒற்றைத்தடப் பாதை என்றால் நம்ம ஊர் கிராமத்து ரோடு போலத்தானே என்று கேட்கிறார். வால்பாறை, ஊட்டி எல்லாம் ஓட்டியவர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, வண்டியில் ஏறி இறங்குவது சிரமமா?

அபர்டீன் அம்மு:
மாமியார் முழங்காலைக் கேட்டதும் உள்ளே வந்தேன். ஹெப்ரிடீஸ் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும், எட்டு வயதுப் பையனும் வயதானவரும் இருந்தால் நான் ஆர்க்னிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஜில்ஸ் பே துறையிலிருந்து ஒரு மணி நேரக் கடல், ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஒன்றரை மணி. முக்கியத் தீவில் சாலைகள் பெரும்பாலும் இருவழி. ஸ்காரா ப்ரே என்று ஒரு கிராமம், 5,000 வருடத்துக்கு முந்தையது, எகிப்தின் பெரிய பிரமிடைவிடப் பழையது. 1850-இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளியே தெரிந்தது. கல்லாலேயே கட்டில், கல்லாலேயே அலமாரி. பையனுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடைக்காது.

தெற்கே போனால் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் கைதிகளை வைத்துக் கட்டிய சர்ச்சில் தடுப்பணைகள், அதன்மேல்தான் சாலை. அந்தக் கைதிகளே இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்து உள்ளே ஓவியம் தீட்டி ஒரு தேவாலயமாக மாற்றியிருக்கிறார்கள். அத்தைக்கு ரொம்பப் பிடிக்கும். தடுப்பணைச் சாலையைப் பெரிய அலை அடிக்கும் நாளில் மூடிவிடுவார்கள், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

வண்டிப் படி முழங்காலுக்குச் சிரமம்தான். கதவுக்குக் கீழே போடும் தனிப்படி கேளுங்கள். கீழ்க்கட்டில் இருக்கும் வண்டியாகப் பாருங்கள், ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கை பையனுக்கு.

மெதுவண்டி:
அம்மு சொல்வது நியாயமான மாற்று. தென்றல், இரண்டில் ஒன்று. இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஹெப்ரிடீஸ் என்றால் பாதை பற்றி: வால்பாறை ஓட்டியவருக்கு அகலம் பயமில்லை, ஒழுங்குதான் புதிது. ஹாரன் அடித்து வழி வாங்குகிற வேலை கிடையாது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு பாஸிங் பிளேஸ் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் உங்கள் தடத்திலேயே அதற்கு நேரே நில்லுங்கள், எதிரே வருபவர் ஒதுங்கிப் போவார். பின்னால் உள்ளூர் வண்டி வந்தாலும் ஒதுங்கி அனுப்பிவிட வேண்டும். அவர் வேலைக்குப் போகிறவர், நீங்கள் வேடிக்கை பார்ப்பவர். போட்டோ எடுக்க அந்த இடத்தில் நிறுத்துவது அங்கே பெரிய குற்றம். பின்னோக்கி ஓட்டத் தெரிய வேண்டும். வாடகைக்கு எடுத்த அன்றே ஒரு காலி மைதானத்தில் அரை மணி நேரம் ரிவர்ஸ் மட்டும் பழகச் சொல்லுங்கள். செம்மறி ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும், அவற்றுக்கு விதி எதுவும் இல்லை.

காற்றைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மரமே அபூர்வமான தீவுகள், அட்லாண்டிக்கிலிருந்து நேராக வந்து அடிக்கும். இரவில் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள், பக்கவாட்டில் நிறுத்தினால் தூங்க முடியாது. கதவைத் திறக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். ஜூனிலும் இது நடக்கும். ஒரு நல்லதும் உண்டு: காற்று இருக்கும்வரை மிட்ஜ் என்கிற கடிக்கும் குட்டிப் பூச்சி வராது. காற்று நின்ற மாலையில் தண்ணீர்ப் பக்கம் கதவைத் திறந்து வைத்தீர்கள் என்றால் மொத்தக் குடும்பமும் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

நெடுந்தீவான்:
சைவச் சாப்பாடு: பாராவின் காசில்பே, தெற்கு யூயிஸ்டின் டாலிபர்க், பென்பெக்குலாவின் கிரீகோரி மூன்றிலும் கோ-ஆப் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, தயிர், மரக்கறி கிடைக்கும். கப்பல் வராத நாள் என்றால் அலமாரி காலியாக இருக்கும், அதுவும் தீவு வாழ்க்கைதான். மிளகாய்த்தூள், புளி, பெருங்காயம் கொண்டுபோங்கோ. ஸ்டோர்னோவே மட்டும்தான் டவுன். அங்கே பாகிஸ்தான் வழிக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கின்றன, சிலர் அந்தத் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கே பேசுவார்கள். 2018-இல் பள்ளிவாசலும் திறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கவனம். லூயிஸ், ஹாரிஸ் இரண்டும் கட்டுப்பாடான புரொட்டஸ்டன்ட் ஊர்கள். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009-இல்தான், அதுவும் பெரிய சண்டைக்குப் பிறகு. அங்கே டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் ஞாயிறு திறந்தது 2024 நவம்பரில். அதனால் சனிக்கிழமையே டீசல், தண்ணீர், சாமான் எல்லாம் நிரப்பிவிடுங்கோ. ஞாயிறு காலை துணி துவைத்து வெளியே காயப்போடாதீர்கள், ஒருவரும் திட்ட மாட்டார்கள், ஆனால் மனம் நோகும். தெற்கு யூயிஸ்டும் பாராவும் கத்தோலிக்கத் தீவுகள், அங்கே இந்த இறுக்கம் இல்லை. ஒரு ஞாயிறைத் தெற்கே வையுங்கோ.

கணக்கர்:
பையனுக்கு ஒன்று விட்டுவிட்டீர்கள். பாராவில் விமானம் கடற்கரை மணலில்தான் இறங்கும். ஓடுபாதையை அலை தினமும் மூடித் திறக்கும், அதனால் விமான நேரமே ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான். காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் பறந்தால் மணலில் கால் வைக்கக் கூடாது. எரிஸ்கேயில் அந்தத் தீவுக்கே உரிய சாம்பல் நிறக் குதிரைகள் சும்மா திரியும். 1941-இல் அதன் பக்கத்தில்தான் பொலிட்டீஷியன் என்ற கப்பல் ஆயிரக்கணக்கான விஸ்கிப் பாட்டில்களோடு பாறையில் ஏறியது. மீதிக் கதையை உங்கள் கணவருக்கு அங்கே யாராவது சொல்வார்கள்.

கொங்குத்தென்றல்:
வீட்டில் ஓட்டெடுப்பு முடிந்தது. மாமியார் ஆர்க்னி, பையன் மணலில் விமானம், கணவர் "எது சொன்னாலும் சரி". பையன் ஜெயித்துவிட்டான். ஓபனில் தொடங்கி பாரா, யூயிஸ்ட், ஹாரிஸ், லூயிஸ், அல்லப்பூல். மல், அயோனா, டைரீ எதுவும் இல்லை. கடற்கரையில் இஷ்டத்துக்குத் தங்கும் யோசனையும் இல்லை. மன்னர் கோபிக்கக் கூடாது. முன்பதிவு செய்யும்போது வண்டி அளவு கேட்கிறார்கள், வாடகை நிறுவனம் "சுமார் ஏழு மீட்டர்" என்கிறது. அப்படியே போடலாமா?

நாடோடி மன்னன்:
கோபம் இல்லை. ஹாரிஸில் லஸ்கன்டையர் மணலை வற்றத்தில் பாருங்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிறுத்தம் பகலுக்கு மட்டும். இதை நான் சொல்கிறேன் பாருங்கள்.

வடகடலான்:
"சுமார்" போடாதீர்கள். பின்னால் சைக்கிள் மாட்டி இருந்தால் அதையும் சேர்த்த நீளம், கூரையில் டிஷ் இருந்தால் அதையும் சேர்த்த உயரம். குறைவாகப் போட்டால் துறையில் அளந்து, இடமில்லை என்று நிறுத்திவிட முடியும். நிறுவனத்திடம் அந்த வண்டியின் சரியான அளவை எழுத்தில் வாங்குங்கள். வேறு வண்டி கொடுத்தால் உடனே பதிவை மாற்ற வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள்.

கப்பலில் ஏறுமுன் கேஸ் சிலிண்டரை வாயிலேயே மூடிவிட வேண்டும். பிரிட்ஜும் அப்போது ஓடாது, காசில்பே வரை தயிர் கெடாது, கவலை வேண்டாம். கப்பல் கிளம்பியதும் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். அத்தையின் மாத்திரைப் பை, பையனுக்கு ஸ்வெட்டர், வாந்தி வரும் என்றால் அதற்கான மாத்திரை, எல்லாவற்றையும் முதலிலேயே மேலே எடுத்துப் போய்விடுங்கள்.